ஜாதகச் சேச்சியின் இரண்டாவது டிஸ்க்

மட்டாஞ்சேரியில் அக்கா ஜாதகக் கடை வைத்தது, மீன் வாசனையே ஆகாதவள் மீன் கடை வைத்த மாதிரி. அவளுக்கு ஜாதகத்தில் துளி நம்பிக்கை கிடையாது. அதை மறைத்தாவது தொலைப்பாளா என்றால், அதுவும் இல்லை. பெண்ணைப் பெற்ற ஒரு மனுஷர் பயபக்தியோடு வாசலில் செருப்பைக் கழற்றினால், "போட்டுக்கிட்டே வாங்க, தரை அழுக்கு. இது அம்பலம் ஒண்ணும் இல்ல" என்பாள். வந்தவர் திகைத்துப்போய், "அப்ப உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"எனக்கும் இல்ல, இந்த மெஷினுக்கும் இல்ல. அதனாலதான் ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டோம்."

மலையாளிகளுக்கு அவள் ஜாதகச் சேச்சி. எங்களைப் போல மூன்று தலைமுறையாகக் கொச்சியில் கிடக்கிற தமிழ் வீடுகளுக்கு அவள் வெறும் அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தனி ஆள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட அவன் மீசை நல்லா இல்லேன்னு சொன்னேன், போயிட்டான்" என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அந்த ஆளைத் தெரியும். மீசை நன்றாகத்தான் இல்லை.

யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்று அப்பா அவளைப் பற்றி அடிக்கடி சொல்வார். நான் ஆசை ஆசையாக எர்ணாகுளம் பிராட்வேயில் எடுத்துவந்த சுடிதாரைப் பார்த்து, "துணி நல்ல துணி. உனக்குச் சேரல" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பழம்பொரி தின்றவள் அவள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம்! ஆனால் ஒன்று, அவள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் ஊரே வேறு மாதிரி சொன்னாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

கடை, பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மிளகு குடோனுக்கு மேலே மாடியில் இருந்தது. மரப்படி ஏறும்போதே மிளகுத் தூசு மூக்கில் ஏறும். தும்மாமல் மேலே வந்தவர்கள் யாரும் இல்லை. ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் சகுனம் பார்க்காதவர்களாக இருப்பார்களா? ஒற்றைத் தும்மல் தடங்கல், இரட்டைத் தும்மல் நல்லது என்று ஒரு கணக்கு உண்டல்லவா. ஒற்றைத் தும்மல் போட்டவர்கள் இரண்டாவதுக்காக நடுப்படியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்பா அதில் முதல் ஆள். கார்ப்பரேஷனில் மேஸ்திரி, அத்தனை பேரை மேய்க்கிற மனுஷர், பூனை குறுக்கே போனால் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். மேலேயிருந்து அக்கா சத்தம் போடுவாள்: "ஏறி வாங்க அண்ணா, அது சகுனம் இல்ல, மிளகு!"

நான் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தது தமிழ் வாசிக்க. அக்கா வாய் நிறையத் தமிழ் பேசுவாள், ஆனால் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைக் கண்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள். எனக்கு அப்பா வீட்டில் உட்கார வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் தமிழில் அச்சாகி வருகிற ஜாதகங்களை வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாளெல்லாம் நான் பிராட்வேயில் ஒரு ஜவுளிக் கடையில் நின்றேன்.

அந்த ஜாதக சாஃப்ட்வேர் இரண்டு டிஸ்கில் வந்திருந்தது. முதல் டிஸ்க் தமிழ் முறைப் பொருத்தம், இரண்டாவது மலையாள முறை. எதைப் பார்க்கிறோமோ அந்த டிஸ்க் உள்ளே இருந்தால்தான் ஓடும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அது களவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் விற்ற ஆள் அவளிடம் சொல்லாமல் விண்டோஸையே நகலாகத்தான் போட்டுக் கொடுத்திருந்தான். அது தெரிந்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தேவராவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் வாத்தியாரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னாள். அது காசில்லாமல் யாரும் போட்டுக்கொள்ளலாம், கவர்மென்ட் பள்ளிக்கூடங்களிலேயே அதுதான் வரப்போகிறது என்று வாத்தியார் சொன்னது அவளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஜாதகமோ விண்டோஸுக்கென்று செய்தது. லினக்ஸில் ஓடாது. அதை ஓட்டுவதற்கு வைன் என்று ஒன்றையும் வாத்தியார் போட்டுக் கொடுத்தார்.

"வைன் போட்டாத்தான் ஜாதகம் ஓடும்" என்று அக்கா சொன்னதைக் கேட்டு அப்பா படியிலேயே நின்றுவிட்டார். "நாள் நட்சத்திரம் பாக்கற இடத்திலயா?"

"குடிக்கிறது இல்ல அண்ணா. ஜாதகம் சொல்றது லினக்ஸுக்கு மனசிலாகாது. இது நடுவுல நின்னு எடுத்துச் சொல்லும்."

அப்பாவுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. கிளம்பும்போது லேசாக மோந்து பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

லினக்ஸ் வந்த பிறகுதான் டிஸ்க் மாற்றுவது ஒரு சடங்காகிவிட்டது. முன்பெல்லாம் பொத்தானை அமுக்கினால் தட்டு நாக்கை நீட்டும், டிஸ்கை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கலாம். லினக்ஸ் அப்படி விடாது. உள்ளே இருக்கிற டிஸ்கை ஏதாவது ஒன்று பயன்படுத்திக்கொண்டிருந்தால், பொத்தானை என்ன அமுக்கு அமுக்கினாலும் தட்டு வராது. அக்கா பொத்தானை இரண்டாம் தடவை அமுக்கவே மாட்டாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, "யாரு பிடிச்சிருக்கா?" என்று மெஷினைப் பார்த்துக் கேட்பாள். திரையில் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ தட்டுவாள். டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று அதில் வரும். அதை மூடினால் தட்டு சாதுவாக வெளியே வந்துவிடும். பாதி நேரம் பிடித்துக்கொண்டிருப்பது அவளேதான். டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அதே கறுப்பு ஜன்னல் வழியாக உள்ளே போயிருப்பாள், திரும்பி வர மறந்திருப்பாள். "பாயில உக்காந்துக்கிட்டே பாயைச் சுருட்டினா வருமா? சவம்!" என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

தட்டின் கீழே ஒரு குட்டித் துளை இருக்கும். அதில் கம்பியை விட்டு நெம்பினால் தட்டு பலவந்தமாகத் திறக்கும். பிரிண்டர் ரிப்பேர் செய்ய வந்த ஒரு ஆள் ஒருமுறை அப்படிச் செய்யப் போய், அக்கா போட்ட சத்தத்தில் கீழே குடோனில் மூட்டை தூக்குகிற சேட்டன்மார் ஓடி வந்துவிட்டார்கள். "கேட்டா அதுவே விடும். எதுக்கு வாயில கோலை விடறே?" என்றாள் அந்த ஆளிடம். சந்தில் லாரி சிக்கினாலும், பைப்படியில் சண்டை வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி "யாரு பிடிச்சிருக்கா?" என்பதுதான்.

பொய் அடித்துத் தரச் சொல்லி வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிறந்த நேரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளினால் செவ்வாய் தோஷம் போய்விடும் என்று ஒரு பெரிய மனுஷர் கெஞ்சினார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க இல்லையா" என்றார்.

"ஆயிரத்தையும் நீங்களே சொல்லுங்க. இங்க ஒண்ணுகூடக் கிடைக்காது."

இப்படிப்பட்டவளிடம் என் கல்யாணம் போய் மாட்டியது.

அவரை நான் மட்டாஞ்சேரி படகுத் துறையிலிருந்து எர்ணாகுளம் போகிற போட்டில் பார்த்தேன். தேவராக்காரர், மலையாளி, ஏ.சி. மெக்கானிக். மட்டாஞ்சேரியில் ஏதோ ஓட்டலில் மாதக்கணக்கில் ராத்திரி வேலை, காலையில் வீடு திரும்பத் தினமும் அதே போட். எப்படிப் பேச ஆரம்பித்தோம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், பிள்ளைகள் படிப்பார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா, அப்பா முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பாள், அழுவாள். அப்புறம் ஒருநாள் அப்பா வாய் திறந்தார்.

"ஜாதகம் பாப்போம். நம்ம முறையிலும் பொருந்தணும், அவங்க முறையிலும் பொருந்தணும். ஒண்ணுல இடிச்சாலும் இந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம். நான் தேடற எடத்துல நீ கழுத்தை நீட்டணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடும் அக்கா கடைக்கு வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் அப்பா இரண்டு பேருடைய பிறந்த நேரத்தையும் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் வேலை முடிந்து நான் நேரே கடைக்கு ஓடினேன்.

"மாத்தி அடிக்கச் சொல்லி வந்தியா?" என்றாள், நான் உட்காருவதற்குள்.

"இல்லக்கா."

"கேட்டாலும் செய்ய மாட்டேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"பின்னே எதுக்கு வந்தே?"

"அழறதுக்கு."

"அப்ப அழு. சாயா சொல்றேன்."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அக்கா தடுக்கவும் இல்லை, தலையைத் தடவவும் இல்லை. எதிரே உட்கார்ந்து பழைய காகிதங்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பாத்துட்டீங்களாக்கா? எப்படி வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"சாயா ஆறுது, குடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா படியில் ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டு நின்றுவிட்டார். அப்பாவுக்கு இரண்டு படி மேலே என் வருங்கால மாமியார், அதே காரணத்துக்காக முந்தானையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் இரண்டாவது தும்மல் வந்த பிறகு ஒன்றாக மேலே ஏறினார்கள். ஜன்னலோரமாக நின்ற அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான சத்தம் எதுவும் போடவில்லை.

முதல் டிஸ்க் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அச்சான தாளை எடுத்து என் கையில் கொடுத்து, "வாசி" என்றாள். என் ஜாதகத்தை நானே வாசிக்க வேண்டுமாம்! தினப் பொருத்தம் உண்டு. கணப் பொருத்தம் உண்டு. யோனி இல்லை. அதற்கு அப்பா "ம்ம்" என்று ஒரு உறுமல். ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு என்று வாசித்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. மொத்தத்தில் உத்தமம் என்று கடைசி வரியில் இருந்தது. அதை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

"சரி. இனி மலையாள முறை" என்றார் அப்பா.

அக்கா இரண்டாவது டிஸ்கை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். தட்டு வரவில்லை. மறுபடி அமுக்கினாள். வரவில்லை. அப்பா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டுத் தானே அமுக்கிப் பார்த்தார்.

"இது என்ன கூத்து?" என்றார். தட்டின் கீழே துளை இருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. என் பக்கம் திரும்பி, "துப்பட்டாவுல ஊக்கு குத்தியிருக்கியே, அதைக் கழட்டு" என்றார். என் கல்யாணத்தைக் கலைக்கிற ஊக்கை நானே கழற்றிக் கொடுக்கணும், எப்படி இருக்கிறது! கழற்றினேன். அது விரலில் குத்தியதுகூட எனக்குத் தெரியவில்லை.

"என் மெஷின்ல ஊக்கு விட்டா இப்பவே கடையைப் பூட்டுவேன் அண்ணா" என்றாள் அக்கா.

"பின்னே எதுக்கு வரமாட்டேங்குது?"

"யாரோ பிடிச்சிருக்காங்க."

"யாரு பிடிச்சிருக்கா?"

"நான்தான்" என்றாள் அக்கா, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னவர் முதலில் சிரித்தார், அப்புறம் அவருடைய அம்மா, அப்புறம் அப்பாவே சிரித்துவிட்டார். நான் மட்டும் ஊக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப விடு" என்றார் அப்பா சிரித்துக்கொண்டே.

"இன்னிக்கு விடறதா இல்ல."

அப்போதுதான் மாமியார் எழுந்தார். கம்ப்யூட்டரைக் கும்பிட்டார். "நல்லது பறஞ்ஞிட்டு வாயடச்சு. இனி தொறக்கண்டா" என்றார். நல்ல வாக்குச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது, இனிமேல் திறக்க வேண்டாம் என்று அர்த்தம். "இதில் மேலே ஒரு சகுனமுண்டோ?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா தட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பூனைக்குத் திரும்பிப் போகிற மனுஷர், வாயை மூடிக்கொண்ட தெய்வ வாக்கை எப்படி ஊக்கு விட்டு நெம்புவார்? என் கையிலிருந்த ஊக்கை அவரே வாங்கி மேஜைமேல் வைத்தார். "மதி" என்றார். போதும் என்பதைத் தமிழில் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"சகுனம் ஒண்ணும் இல்ல அம்மே, மெஷின் அப்படித்தான்" என்று அக்கா சொன்னாள். அவள் அதைச் சொல்லாமல் இருப்பாளா? ஆனால் அதற்குள் மாமியார் என் முகவாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணம் நடந்தது. தேவராவில் குடித்தனம், இரண்டு பிள்ளைகள். சண்டை போடாத தம்பதி ஒன்றும் இல்லை நாங்கள். குழம்பில் உப்புக் கூடினாலும் மழையில் துணி நனைந்தாலும், "அன்னைக்கு ரெண்டாவது டிஸ்கைப் போட்டுப் பாத்திருக்கணும்" என்று அவர் சொல்வார். நானும் சொல்வேன். எங்கள் வீட்டில் அது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கே எல்லாம் லினக்ஸ். ஒருநாள் பாட டிஸ்க் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு தட்டு வரவில்லை. எல்லாரும் பொத்தானைக் குத்திக்கொண்டிருந்தார்கள். "யாரு பிடிச்சிருக்கா?" என்று நான் சொன்னதும் சிரித்தார்கள். திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல் திறந்து கிடந்தது. அதை மூடினேன். தட்டு வெளியே வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் திரையிலும் அதே மூலையில் அதே கறுப்பு ஜன்னல் இருந்தது. என் கண் அதைப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு அவள் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினாள். ஒருநாளும் இரண்டாம் தடவை அமுக்காதவள்! யாரு பிடிச்சிருக்கா என்று மெஷினைக் கேட்கவே இல்லை. கேட்டது அப்பா.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பைக்கிலேயே மட்டாஞ்சேரிக்குப் போனோம். பைக்கை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார். நான் மட்டும் மாடிக்கு ஓடினேன். கடையில் கூட்டம் இல்லை. ஜனங்கள் வேறு இடங்களில் ஜாதகம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள், பொய்யும் சேர்த்துத் தருகிற இடங்களில். அக்கா தனியாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தாள். நரைத்திருந்தாள்.

"இளைச்சுட்டே. நல்லா இல்ல" என்றாள் என்னைப் பார்த்து.

"அக்கா, அன்னிக்கு டிஸ்கைப் பிடிச்சு வெச்சது நீங்கதானே?"

"அன்னிக்கே சொன்னேனே. உங்க அப்பா மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன். உன் மாமியார் முன்னாடி சொன்னேன். நீங்கதான் சிரிச்சீங்க."

உண்மைதான். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கல்யாணத்தை முடித்து வைத்திருக்கிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளணும் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"முந்தின நாளே ரெண்டாவது டிஸ்கைப் போட்டுப் பாத்துட்டீங்க. நான் இங்க உக்காந்து அழுதபோதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்னக்கா வந்தது?"

அக்கா சாயாவை ஒரு வாய் உறிஞ்சினாள். எனக்கும் இதில் பெரிய நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் அவர் பல மாடி உயரத்தில் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஏ.சி. மாட்டுகிற ஆள். வீட்டுக்கு வரக் கொஞ்சம் நேரமானாலும் என் கை தாலிக்குப் போகும்.

"கேட்டா சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன், தெரியுமில்ல?" என்றாள். "விடட்டுமா?"

கீழே மரப்படி கிறீச்சிட்டது. அவர் ஏறி வந்துகொண்டிருந்தார். மிளகுத் தூசு அவரை விடுமா? தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

நான் வாசலைப் பார்த்தேன். இது சகுனம் இல்லை, மிளகு என்று அக்கா இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சாயா கிளாஸை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளும் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தும்மல் வந்தது.

"வேண்டாம்க்கா" என்றேன். "பிடிச்சுக்கிட்டே இருங்க."